34 அடி வீடும் 21 அடிச் சாலையும்

எங்கள் செட்டிநாட்டு வீட்டின் நடுக்கட்டான வளவின் நீளத்தை நான் அளந்து பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "மாமா, வண்டி பதிவு செய்தாயிற்று, 34 அடி" என்று சொன்ன அன்று மாலை, கொத்தனார் மறந்து வைத்துவிட்டுப் போன இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு, முகப்பிலிருந்து வளவுக்குள் இறங்கும் படியில் ஒரு நுனியை எங்கள் வீட்டு ஆச்சியை, அதாவது என் மனைவியை, பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாங்கட்டு நிலைவரை இழுத்துப் பார்த்தேன். 41 அடி இருந்தது. ஐந்து பேர் மூன்று வாரம் படுத்து, சமைத்து, குளித்து, அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒவ்வொன்றாகப் போகப்போகிற வண்டியை எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் ஏழு அடிதான் மிச்சம் இருக்கும். ஆத்தங்குடிக் கல்லின் மேல் 34ஆவது அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஆச்சி அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதை யார் ஓட்டுவது?" என்று மட்டும் கேட்டார்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இத்தகைய வண்டி புதிதல்ல. படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் தெருமுனையில் வந்து நிற்கும் கேரவனை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்த இனம் முழுவதற்கும் ஆர்.வி. என்று பொதுப் பெயர் வழங்குகிறது. வேறு வண்டியின் பின்னால் கட்டி இழுக்காமல், தனக்கென்று எஞ்சின் வைத்துக்கொண்டு தானே ஓடுவதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். அதிலும் மூன்று வகை உண்டு. வேனின் உடம்புக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கிவிடுவது பி வகை. வேனின் முகத்தை வைத்துக்கொண்டு, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும்படி பின்னால் கூண்டு கட்டுவது சி வகை. பேருந்தைப் போலத் தட்டை முகமும் சுவர் அகலத்துக்குக் கண்ணாடியுமாக, கனரக வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் முழு வீட்டையே எழுப்புவது ஏ வகை. எங்களுடையது ஏ வகை. அகலம் எட்டரை அடி, உயரம் பன்னிரண்டரை அடி. நிறுத்திய பின் ஒரு விசையை அழுத்தினால், பக்கச் சுவர் ஒன்று சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் சுமந்துகொண்டு, பெட்டகத்தின் இழுப்பறையைப் போல வெளியே நகர்ந்து, நடமாட இடம் விடும். இத்தனை பெரிய வண்டிக்கு, மொத்த எடை 26,000 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ பதினொன்றே முக்கால் டன்னுக்குள் இருக்கும்வரை, அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும் என்பதைக் கேட்டபோதுதான் ஆச்சியின் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு உறைத்தது. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைதான் அதை ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் போனது 2023 செப்டம்பரில். பீனிக்ஸ் நகரில் வண்டியை எடுத்து, கிராண்ட் கேன்யன், சயான், எல்லோஸ்டோன், கிளேசியர் என்று வடக்கே கனடா எல்லைவரை ஏறி, திரும்பி வந்தோம். ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்தான் கொடுக்கும் என்பதால், 1,500 லிட்டர் பெட்ரோல் குடித்தது. அந்தக் கணக்கை நான் ரூபாயில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் பாதி வழியில் இறங்கியிருப்பேன்.

பயணத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை நோட்டுப் போடுவது. வங்கியில் முப்பது வருடம் பேரேடு பார்த்தவனுக்கு அது பொருத்தமான வேலைதான். ஆனால் அந்த நோட்டில் வரவு செலவைவிட அடிக்கணக்குதான் அதிகம் ஏறியது. அமெரிக்கர்கள் 1872இல் எல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து, 1916இல் இவற்றையெல்லாம் நிர்வகிக்கத் தனித் துறை அமைத்து, 1920களிலும் 30களிலும் உள்ளே சாலைகள் போட்டார்கள். அன்றைய கார் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்குத்தான் பல சாலைகளின் வளைவும், சுரங்கத்தின் வாயும், வண்டி நிறுத்தும் இடமும் அமைந்தன. அதன் பிறகு வண்டிகள் வளர்ந்துவிட்டன, சாலைகள் வளரவில்லை. வளர்க்க வேண்டுமென்றால் மலையை உடைக்க வேண்டும். பல இடங்களில் அதைச் செய்வதில்லை என்றே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், பெரிய வண்டியில் போகிறவன் காட்டைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் தன் வண்டியின் அளவை மனப்பாடம் செய்தாக வேண்டும்.

தங்குமிடத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. இவற்றை அவர்கள் கேம்ப்கிரவுண்ட் என்கிறார்கள். மாட்டுவண்டி அவிழ்த்துப்போட்டுத் தங்கிய காலத்தை அறிந்த எனக்கு வண்டிப்பேட்டை என்ற சொல்தான் வாயில் வருகிறது. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் மரங்களுக்கு நடுவே இருக்கும் மேத்தர் பேட்டையில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடம் கிடையாது. ஆகவே, தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் இருக்கிற, 50 அடிவரை ஏற்றுக்கொள்ளும் டிரெய்லர் வில்லேஜுக்குப் போனோம். பல பூங்காக்களில் இடத்தை ஆறு மாதத்துக்கு முன்பே இணையத்தில் பிடிக்க வேண்டும்; ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை அடி என்று எழுதியிருக்கும். வண்டியின் நீளத்தை ஓர் அடி குறைத்துச் சொல்லிவிடலாமே என்று நம்மூர் வழக்கப்படி யோசித்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

இன்னொரு முடிவும் அப்போதே எடுத்தோம். பெரிய வண்டியைப் பேட்டையில் நிறுத்திவிட்டு உள்ளே சுற்றச் சிறிய கார் ஒன்று வேண்டும். சொந்த மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் காரை இரும்புச் சட்டத்தால் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறார்கள்; எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. எனவே மகள் தன் காரை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். இதில் எதிர்பாராத ஒரு செலவு ஒளிந்திருந்தது. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு அட்டை அப்போது 80 டாலர். ஆனால் அது அட்டைக்காரர் இருக்கும் ஒரு வண்டிக்குத்தான். கார் கட்டி இழுக்கப்பட்டிருந்தால் வாசலில் ஒரே வண்டியாகக் கணக்கில் சேர்ந்திருக்கும். மகள் தனியாக ஓட்டி வந்ததால் அவளுடைய காருக்கு வாசல்தோறும் 35 டாலர் கேட்டார்கள். இரண்டாவது வாசலிலேயே இன்னோர் அட்டை வாங்கிவிட்டோம். 2026 முதல் வெளிநாட்டவருக்கு அந்த அட்டையின் விலையை 250 டாலராக உயர்த்திவிட்டார்கள் என்பதால், அங்கே பிள்ளைகள் குடியிருப்பவர்கள் அவர்கள் பெயரில் வாங்குவதுதான் நல்லது.

கிராண்ட் கேன்யனைப் பற்றி நான் புதிதாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு மைல் ஆழப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே நாங்களும் செய்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றோம். எனக்கு நினைவில் நிற்பது மறுநாள் விடியற்காலை. வண்டிக்குள் தண்ணீர் ஏற்றும் குழாயின் இணைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால், எங்கள் படியிலிருந்து ஆறடி தூரத்தில், மாட்டைவிட உயரமான எல்க் மான் ஒன்று கழுத்தை வளைத்து அந்தச் சொட்டை நாக்கால் ஏந்திக்கொண்டிருந்தது. மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தபோது கண்ணை மூடி மூடித் திறந்தது. பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "ஐயா, பேசாதீங்க" என்றான். நான் பேசவே இல்லை.

அந்த விளிம்பு 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குவதால், அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. குக்கர் இல்லாமல் இந்த உயரங்களில் நம் சமையல் நடக்காது. ஆச்சி குக்கரோடுதான் வந்திருந்தார் என்பதால் அதில் தோல்வி இல்லை. தோல்வி வேறிடத்தில் வந்தது. முதல் நாள் மாலை அவர் வரமிளகாயும் சோம்பும் தாளித்த மறுநொடி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி, பேட்டை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அலறியது. எட்டரை அடி அகல வீட்டில் அடுப்புக்கும் அந்தக் கருவிக்கும் இடையே ஐந்தடிகூட இல்லை. அதைக் கழற்றிவைப்பது அறிவுடைமை ஆகாது, ஏனென்றால் எரிவாயு, ஜெனரேட்டர், படுக்கை எல்லாம் ஒரே கூண்டுக்குள் இருக்கின்றன. அன்று முதல் தாளிப்பு வெளியே, மடக்கு மேசையில், ஒற்றை அடுப்பில் என்று ஏற்பாடாயிற்று. கரடி நடமாடும் பூங்காக்களில் அதுவும் முடியாமல் போனதைப் பின்னால் சொல்கிறேன்.

சயானுக்குப் போன நாள்தான் என் நோட்டு பயன்பட்ட நாள். கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால், செம்பாறைக்குள் குடைந்த ஒரு சுரங்கப்பாதையைக் கடந்துதான் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். 1930இல் முடிக்கப்பட்ட அந்தச் சயான்–மவுண்ட் கார்மல் சுரங்கம் 1.1 மைல் நீளம். அதன் கூரை வில்லாக வளைந்திருப்பதால், உயரமான வண்டி தன் பக்கத்துப் பாதியில் ஒழுங்காகப் போனால் தோள்பட்டை பாறையில் உரசும். நட்டநடுவில் போனால்தான் தப்பும். நட்டநடுவில் போனால் எதிரே எவரும் வர முடியாது. எனவே அகலம் 7 அடி 10 அங்குலத்தை, அல்லது உயரம் 11 அடி 4 அங்குலத்தை எட்டிய வண்டிகளுக்கு 15 டாலர் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றும், ரேஞ்சர்கள் எதிர்முனையில் போக்குவரத்தை நிறுத்தி ஒருவழியாக்கிக் கொடுப்பார்கள் என்றும் விதி இருந்தது. அகலத்திலும் உயரத்திலும் நாங்கள் இரண்டு விதத்திலும் அகப்பட்டோம்.

கிழக்கு முனையில் ரேஞ்சர் அம்மையார் ஒருவர் எங்களை நிறுத்தி, வானொலிக் கருவியில் மறுமுனையோடு பேசிவிட்டு, மாப்பிள்ளையிடம் மூன்றே சொற்கள் சொன்னார்: நடுக்கோடு, விளக்கு, நிறுத்தாதே. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் அணைந்து, எங்கள் விளக்கு விழுந்த வட்டத்தில் மட்டும் வெட்டுளித் தழும்போடு பாறை ஓடி வந்தது. மஞ்சள் கோடு சரியாக எங்கள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தது. சுரங்கத்தைக் குடைந்தபோது பக்கவாட்டில் பாறையை உடைத்துச் சில சாளரங்கள் விட்டிருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நொடி பள்ளத்தாக்கு முழுவதும் சிவப்பாகத் தெரிந்து மறைந்தது. ஆச்சி கந்தசஷ்டி கவசத்தைத் தொடங்கி, முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. மேற்கு முனையில் நாற்பது ஐம்பது கார்கள் எங்களுக்காகக் காத்து நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, சங்கடமாகத்தான் இருந்தது. எங்கள் ஒரு வண்டியின் வசதிக்காக அத்தனை பேரும் காத்திருந்தார்கள். 2026 ஜூன் முதல் இவ்வளவு பெரிய வண்டிகளுக்கு அந்தச் சுரங்கத்தில் இடமில்லை, சுற்றுவழியில்தான் போக வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் அறிவித்துவிட்டது. இதைப் படித்துவிட்டுப் பழைய நினைவில் யாரும் கிழக்கு வாசலுக்குப் போய்விட வேண்டாம்.

சுரங்கத்தில் ஒரு கீறல்கூட விழாத வண்டியில் கீறல் விழுந்தது பெட்ரோல் நிலையத்தில். ஏ வகை வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஏறத்தாழ பத்தடி உடம்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டுநர் இடப்பக்கம் கூர்மையாகத் திருப்பினால், அந்தப் பத்தடி வலப்பக்கம் வீசும். இதை வால்வீச்சு என்று சொல்லலாம். வைக்கோல் போர் ஏற்றிய மாட்டுவண்டி சந்தில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. எண்ணெய் போட்டுவிட்டு வெளியேறும்போது, முன்னால் நிற்கும் காரைத் தவிர்ப்பதற்காக மாப்பிள்ளை சற்றுச் சீக்கிரமே திருப்பிவிட்டார். பின்னால் இருந்த மஞ்சள் இரும்புத் தூண் எங்கள் வண்டியின் இடுப்பில் இரண்டடி நீளத்துக்குக் கோடு போட்டது. இறங்கி நின்று வழிகாட்ட வேண்டியவன் நான். கடலைமிட்டாய்க்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். வாடகைக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கோட்டுக்குப் பிடித்த தொகையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கே சுண்ணாம்பு அடித்துவிடலாம். அதுகூடப் பரவாயில்லை, நாங்கள் எடுக்கும்போதே இருந்த மற்றொரு கீறலையும் எங்கள் கணக்கில் எழுதியிருந்தார்கள். மகள் முதல் நாளே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருந்ததால் அது தள்ளுபடியாயிற்று.

இப்போது, எவரும் எழுதத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து, பின்வாசல் தெருவை ஒட்டித்தான் கழிப்பறை இருக்கும். இந்த வண்டியிலோ அடுப்பிலிருந்து நான்கடியில் அதன் கதவு. "சாமி படத்தை எங்கே வைப்பது?" என்று ஆச்சி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை, கடைசியில் ஓட்டுநர் கண்ணாடிக்கு மேலே, கதவிலிருந்து ஆகத் தொலைவான இடத்தில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் அமர்ந்தார். வண்டியின் அடிவயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் நல்ல தண்ணீர். இரண்டாவது, குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் போகும் சாம்பல் தொட்டி. மூன்றாவது கறுப்புத் தொட்டி. அதில் எது போகும் என்று எழுதத் தேவையில்லை. நான்கைந்து நாளுக்கொரு முறை, பேட்டையில் அதற்கென்று இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, யானைத் துதிக்கைபோல மடிப்பு மடிப்பாக இருக்கும் தடித்த குழாயை ஒரு முனையில் வண்டியிலும் மறுமுனையில் தரையிலுள்ள துளையிலும் பொருத்தித் திறந்துவிட வேண்டும்.

சயானில் முதல் முறை அதைச் செய்தோம். மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தபோது, "நீங்கள் தள்ளுங்கள், நான் செய்கிறேன்" என்றேன். "வேண்டாம் மாமா, நீங்கள் போய் உட்காருங்கள்" என்று அவர் பதறினார். மாமனாரைக் கறுப்புத் தொட்டிக் குழாயைப் பிடிக்கவைத்த மாப்பிள்ளை என்று ஊரில் பெயர் வாங்க அவருக்கு விருப்பமில்லை. மூன்று வாரமும் ஒருவரே அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்க எனக்கும் மனமில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்தே செய்தோம். முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், அது வடிந்த பிறகே சாம்பலைத் திறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றியவர்கள் மறுமுறை மாற்றுவதில்லை என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். குழாயின் முனையில் கண்ணாடிபோன்ற ஒரு முழங்கை இருக்கிறது. அதில் ஓடுவது தெளியும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தெளிந்தது. எங்களுக்கு இடையே இருந்த மாமனார் மாப்பிள்ளைச் சங்கோசமும் அதோடு கொஞ்சம் வடிந்துபோயிற்று.

எல்லோஸ்டோனில் முதல் இரவு மேடிசன் பேட்டை. அங்கே மின்சார இணைப்பு கிடையாது. இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணிவரை ஜெனரேட்டர் ஓடக்கூடாது. அந்த உயரத்தில் செப்டம்பர் மாதத்திலேயே தண்ணீர்க் குழாய் உறைந்துபோகிற அளவுக்குக் குளிர் இறங்கியது. சூட்டடுப்பு எரிவது எரிவாயுவில்தான் என்றாலும், சூட்டை ஊதித் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது என்பதை நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெரிந்துகொண்டோம். விசிறி முனகி நின்றது. ஆளுக்கொரு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, எட்டு மணிக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் கேட்ட அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இடையே ஒருமுறை ஆற்றுப் பக்கமிருந்து ஆண் எல்க் ஒன்று புல்லாங்குழலும் கதவுக் கீலும் கலந்ததுபோல நீளமாகக் கூவியது. திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டியிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளை நினைத்துக்கொண்டபோது, ஜெனரேட்டர் இல்லாத ஒரு விடியலுக்கு நான் முணுமுணுத்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஃபிஷிங் பிரிட்ஜ் பேட்டைக்கு மாறினோம். எல்லோஸ்டோனுக்குள் மூன்று இணைப்பும் உள்ள ஒரே பேட்டை அதுதான். பெயரில்தான் மீன்பிடி இருக்கிறது. 1973 முதல் அந்தப் பாலத்தின் மேல் நின்று தூண்டில் போடத் தடை. ஏரியிலிருந்து ஆறு புறப்படும் அந்த இடம் கிரிஸ்லி கரடிகளின் புழக்கத்தில் உள்ளது என்பதால், துணிக் கூடாரத்தை அங்கே அனுமதிப்பதில்லை. கெட்டியான சுவருள்ள வண்டியாக இருக்க வேண்டும். 34 அடி வண்டியால் எங்களுக்குத் தகுதி கிடைத்த இடம் பயணம் முழுவதிலும் இது ஒன்றுதான். உணவுப் பொருள், அடுப்பு, எச்சில் தட்டு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது என்று வந்தவுடன் தாள் கொடுத்தார்கள். தாளிப்பு நின்றது. மூன்று நாள் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும்.

அங்கே போகும் வழியில் ஹேடன் பள்ளத்தாக்கில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்தது. கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு கஜமும் மற்ற விலங்குகளுக்கு 25 கஜமும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் காட்டெருமை தானாக வந்தால் என்ன செய்வது? எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தோம். ஏறத்தாழ 900 கிலோ இருக்கக்கூடிய ஒரு காளை என் சன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் அதன் முதுகை மேலிருந்து பார்த்தேன். திமிலின் மேல் மயிர் சடைசடையாகத் திரண்டு, நடுவே காய்ந்த புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. மூச்சு விடும்போது வெண்புகை கண்ணாடியின் கீழ்விளிம்பில் படிந்து மறைந்தது. நாற்பது நிமிடம் அப்படியே கழிந்தது. ஆச்சி மனகோலம் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். பின்னால் காரில் தனியாக மாட்டிக்கொண்ட மகள், "அப்பச்சி, எனக்கு?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

வெந்நீர் ஊற்றுகளுக்கெல்லாம் காரில்தான் போனோம். ஓல்ட் ஃபெய்த்புல் பக்கம் பெரிய வண்டிக்கும் இடம் தாராளமாக இருக்கிறது, ஒன்றரை மணிக்கொரு முறை பீறிடும் அந்த ஊற்றைப் பார்க்கக் காத்திருக்கவும் வசதி. ஆனால் நிறம் நிறமாகத் தெரியும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் முன்னால் இருக்கும் சின்ன இடத்தில் 34 அடியைக் கொண்டுபோய்த் திருப்ப முயன்ற ஒருவரைப் பார்த்தோம். பாவம், அவர் போன வழியே பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்; அவர் மனைவி முன்னால் நடந்து கைகாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பூங்காவான கிளேசியரில் விதி இன்னும் வெளிப்படை. 1932இல் போட்டு முடித்த கோயிங் டு த சன் சாலை, ஐம்பது மைல் தூரம் மலையின் விலாவை ஒட்டிக்கொண்டு ஏறி, 6,646 அடி உயரத்தில் லோகன் கணவாயைக் கடக்கிறது. அதன் உயர்ந்த பகுதியில், முன்பின் பம்பர்களையும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து எட்டடிக்கு மேல் அகலமோ இருக்கும் வண்டிக்கு அனுமதி இல்லை. பணம் கட்டியும் போக முடியாது, ரேஞ்சர் துணையோடும் போக முடியாது. வண்டியை மேற்கு வாசலுக்கு வெளியே ஒரு தனியார் பேட்டையில் நிறுத்திவிட்டு, இளையவர்கள் காரில் போக, நானும் ஆச்சியும் சிவப்புப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தோம். 1930களின் பிற்பாதியில் ஒயிட் மோட்டார் கம்பெனி செய்த 33 பேருந்துகள், மராமத்துப் பார்க்கப்பட்டு, இன்னும் அதே மலையில் ஓடுகின்றன. பதினேழு பேர் உட்காரலாம், வரிசைக்கொரு கதவு, கூரையாகச் சுருட்டிவிடக்கூடிய படுதா. நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் கொட்டகையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் பழைய கார்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதே வயதுடைய வண்டி மூச்சுத் திணறாமல் கணவாய் ஏறுவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. படுதாவைச் சுருட்டியதும் ஆச்சி கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "மூன்று வாரமாக வண்டிக்குள் இருந்து கண்ணாடி வழியாகத்தான் மலையைப் பார்த்திருக்கிறோம்" என்றார்.

ஊருக்குத் திரும்பிய பின் பலரும் கேட்கிறார்கள், நம் பக்கத்தில் இப்படிப் போக முடியாதா என்று. தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. எதற்குள்ளும் சொந்த வண்டியில் போய்த் தங்கிச் சமைத்துக்கொண்டிருக்க விடமாட்டார்கள். பக்கத்துக் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறுவரை சொந்த வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. யானை நடமாடும் காட்டில் அது நியாயம்தான். தவிரவும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வால்வீச்சுள்ள ஏ வகை வண்டியை நினைத்துப் பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கேரளத்தில் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று அரசே திட்டம் கொண்டுவந்திருக்கிறது. காட்டுக்கு வெளியே, சிறிய வண்டியில் என்றால் அதைப் பார்க்கலாம்.

சென்ற கோடையில் பேரன் வந்திருந்தான். பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு நாங்கள் திரும்பியபோது, பங்காளி வீட்டுக் குழந்தைகள் எல்லோரையும் வளவில் கூட்டி, சாக்பீஸால் அந்த வண்டியை அப்படியே தரையில் வரைந்திருந்தான். ஓட்டுநர் இருக்கை, பிள்ளையார், சோபா, அடுப்பு, கழிப்பறை, கடைசியில் ஐயாவும் ஆயாவும் படுத்த கட்டில். என் பழைய கோட்டை ஆச்சி எப்போதோ கழுவிவிட்டிருந்தார். அவன் டேப்பைக் கேட்டு வாங்கிச் சரியாக அதே இடத்தில் மறுபடியும் போட்டிருந்தான். 21ஆவது அடியில் இன்னொரு கோடு. அதன் மேல் ஒரு சின்னப் பையன் காக்கித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரேஞ்சராக நின்றான். நான் தெரியாமல் செருப்போடு அந்தக் கோட்டைத் தாண்டப்போனேன்.

"ஐயா, பம்பரோடு சேர்த்து எத்தனை அடி?" என்று கேட்டு நிறுத்திவிட்டான்.